டிசம்பரில் ஒரு கண்டம்!

"தாத்தா, அவரை வேலையை விட்டுத் தூக்கணும்!"

சொன்னது ஒன்பது வயசு வாண்டு. என் பேரன். சோபா மேல் ஏறி நின்று, கையில் பாதி கடித்த முறுக்கோடு, டி.வி.யைப் பார்த்து இப்படி ஒரு தீர்ப்பு!

"யாரைடா?"

"கோச்சை!"

இடம்: சிகாகோவுக்கு வெளியே என் மகள் வீடு. நாள்: 2024 நவம்பர் 28. அமெரிக்காவில் அன்றைக்குத் 'தாங்க்ஸ்கிவிங்' பண்டிகை. ஊரே வான்கோழியைச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். நாங்கள் வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

டி.வி.யில் ஃபுட்பால். நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் அதிக வேலை கிடையாது. பந்தும் உருண்டை இல்லை, பப்பாளிக்காய் மாதிரி! அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓடுவான். பீரோ சைஸில் நாலு பேர் அவன் மேல் விழுவார்கள். எழுந்து, கூடிப் பேசி, மறுபடி விழுவார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பேரன் மூணு நாள் பாடம் எடுத்தும் என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான்.

ஆனால், கோச் சமாசாரம் மட்டும் உடனே புரிந்துவிட்டது. நான் முப்பத்து நாலு வருஷம் பாங்க்கில் குப்பை கொட்டியவன். அதில் ஒன்பது வருஷம் கிளை மேனேஜர். மார்ச் 31 என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா, என்ன!

*

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

என்.எஃப்.எல். என்பது அவர்களுடைய லீக். மொத்தம் 32 டீம். செப்டம்பரில் ஆரம்பித்து ஜனவரி முற்பகுதிக்குள் ஒவ்வொரு டீமும் 17 மேட்ச் ஆடும். ஆமாம், வருஷத்துக்கு 17 தான்! நம்ம கிரிக்கெட் போல 'இன்னிக்குப் போனால் நாளைக்கு' என்று இருக்க முடியாது. ஒரு தோல்வி என்றால் ஊர் ஒரு வாரம் சாப்பிடாது. நாலு தோல்வி என்றால் துக்க வீடு. ஆறு என்றால்... கோச் வீட்டில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடலாம்.

சீசன் முடிந்த மறுநாளுக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'பிளாக் மண்டே', கறுப்புத் திங்கள். அன்று காலையில் முதலாளிகள் வரிசையாகக் கோச்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். கை குலுக்குவார்கள். "உங்க சேவைக்கு நன்றி" என்பார்கள். முடிந்தது கதை. என்.எஃப்.எல். என்றால் 'நாட் ஃபார் லாங்', அதாவது ரொம்ப நாளைக்கு இல்லை என்று அந்த ஊரிலேயே ஒரு ஜோக் உண்டு.

சில முதலாளிகளுக்குத் திங்கட்கிழமை வரைகூடப் பொறுமை கிடையாது. 2016 டிசம்பர் 18ம் தேதி ஜாக்ஸன்வில் டீம், ஹூஸ்டன் போய் ஒரே ஒரு பாயிண்ட்டில் தோற்றது. மேட்ச் முடிந்த கொஞ்ச நேரத்தில் கோச் கஸ் பிராட்லிக்குச் சீட்டுக் கிழிந்தது. மனுஷர் வீட்டுக்கு எப்படித் திரும்பினார் தெரியுமா? அதே டீமோடு, அதே விமானத்தில்! பக்கத்து ஸீட்காரர் பாவம், என்ன பேசியிருப்பார்?

*

நம்ம நவம்பர் 28க்கு வருவோம். ஆடியது டெட்ராய்ட் 'லயன்ஸ்', சிகாகோ 'பேர்ஸ்'. சிங்கத்துக்கும் கரடிக்கும் சண்டை. மாப்பிள்ளையும் பேரனும் கரடிக் கட்சி. மேட் எபர்ஃப்ளஸ் என்பவர் கரடிகளின் தலைமைக் கோச்.

அந்த வருஷம் கரடிகள் ஆரம்பித்தது அமர்க்களமாக. முதல் ஆறு மேட்ச்சில் நாலு வெற்றி. அக்டோபர் 27ம் தேதி வாஷிங்டனோடு ஆடியபோதுதான் சனி பிடித்தது. கடைசி ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. கரடிகள் 15-12 என்று முன்னிலை. வாஷிங்டன்காரர் கண்ணை மூடிக்கொண்டு வானத்தில் தூக்கிப் போட்டார் பந்தை. அதைத் தடுக்க வேண்டிய கரடி வீரர் ஒருவர், ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் காலரிப் பக்கம் திரும்பி ரசிகர்களுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்! பதறி ஓடிவந்து பந்தைத் தட்டினார். அது நேராக எதிரி கையில் போய் உட்கார்ந்தது. 18-15. அவுட்!

அதோடு சரிவு. அடுத்தடுத்துத் தோல்வி. நவம்பர் 12ம் தேதி தாக்குதல் ஆட்டத்துக்கான கோச்சைத் தூக்கினார்கள். அவர் இடத்தில் தாமஸ் பிரவுன் என்ற உதவியாளரைப் போட்டார்கள். அப்புறமும் ஒரு பாயிண்ட்டில் ஒரு தோல்வி, எக்ஸ்ட்ரா டைமில் ஒரு தோல்வி.

அன்றைக்கு டெட்ராய்ட்டில் பாதி ஆட்டத்தில் 16-0 என்று பின்தங்கியவர்கள், எப்படியோ 23-20 வரை வந்துவிட்டார்கள். மூணு பாயிண்ட் எடுத்தால் சமன். அரை நிமிஷம் பாக்கி. ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு 'டைம் அவுட்' கையில் இருக்கிறது. கோச் கையைத் தூக்கினால் கடிகாரம் நிற்கும்.

தூக்கவில்லை.

வீரர்கள் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி அங்குமிங்கும் பார்க்கிறார்கள். இருபது... பதினைந்து... பத்து... மாப்பிள்ளை தலையில் கை வைத்துவிட்டார். "டைம் அவுட் எடுய்யா!" என்று அவர் கத்தினது டெட்ராய்ட்டுக்கே கேட்டிருக்கும். ஆறு விநாடி இருக்கும்போது பந்தை எடுத்து, தூரமாக எறிந்து, அது யார் கைக்கும் சிக்காமல் தரையில் விழுந்து... ஆட்டம் க்ளோஸ். உபயோகிக்காத டைம் அவுட்டை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்!

அப்போதுதான் பேரன் சோபா மேல் ஏறினான்.

"கரெக்ட்டுடா! நாளைக்கே தூக்கணும்" என்று மாப்பிள்ளையும் ஜால்ரா போட்டார்.

அவர்கள் வாக்குப் பலித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் எபர்ஃப்ளஸ் வழக்கம்போல் வீடியோவில் பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். அடுத்த மேட்ச்சுக்கு ஏற்பாடு செய்யப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ரெண்டு மூணு மணி நேரம்கூட ஆகவில்லை... வேலை காலி! நூறு வருஷத்துக்கு மேலான அந்த டீமின் சரித்திரத்தில், சீசன் நடுவே தலைமைக் கோச்சை அனுப்பியது அதுதான் முதல் தடவை. முடிவு எடுக்கப் போகிற நேரத்தில் அவரைக் காமிரா முன்னால் உட்கார வைத்திருக்க வேண்டாம், இதைவிட நல்லபடியாகச் செய்திருக்கலாம் என்று கிளப் தலைவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

பதினேழு நாளுக்கு முன்னால் பதவி உயர்வு பெற்ற தாமஸ் பிரவுன் இப்போது தற்காலிகத் தலைமைக் கோச். ஒரே மாசத்தில் ரெண்டு புரமோஷன்! ஆனால் தோல்வி நிற்கவில்லை. தொடர்ந்து பத்து மேட்ச் தோற்ற பிறகுதான் கரடிகள் மறுபடி ஜெயித்தார்கள்.

*

ஏன் கோச் தலையே உருளுகிறது? மாப்பிள்ளையிடம் கேட்டேன். கோபம் ஆறியிருந்ததால் பொறுமையாகச் சொன்னார்.

"சிம்பிள் மாமா. 1994லேருந்து எல்லா டீமுக்கும் சம்பள உச்சவரம்பு ஒண்ணுதான். யாரும் பணத்தைக் கொட்டி ஜெயிக்க முடியாது. கடைசியா வர்ற டீமுக்குத்தான் அடுத்த வருஷம் புதுப் பையன்களைப் பொறுக்கறதுல முதல் சான்ஸ். எல்லாமே சமம்னா, தோத்ததுக்கு யாரைச் சொல்றது? 53 வீரரை ஒரே நாள்ல மாத்த முடியாது. பெரிய சம்பளக்காரனை அனுப்பினா, அந்தத் தொகை உச்சவரம்புக் கணக்குல தொங்கிக்கிட்டு நிக்கும். கோச் சம்பளம் அந்தக் கணக்குலயே வராது. முதலாளி தன்னைத்தானே டிஸ்மிஸ் பண்ணிக்குவாரா?"

"மாட்டார்."

"அப்ப மிச்சம் யாரு?"

செப்டம்பர் தோல்வியைவிட டிசம்பர் தோல்விக்கு மவுசு ஜாஸ்தி என்பதும் புரிந்தது. டிசம்பர் வருவதற்குள் பாதிப் பேருக்குக் கை, கால் கட்டு. எதிராளிகள் நம்ம வித்தைகளை வீடியோவில் பார்த்து மனப்பாடம் பண்ணியிருப்பார்கள். சிகாகோ, பஃபலோ மாதிரித் திறந்தவெளி மைதானங்களில் குளிர் எலும்புக்குள் போகும். இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் காரணம் யார் ஞாபகத்தில் நிற்கிறது? கடைசியாகப் பார்த்த தோல்விதான் நிற்கும். அதோடு, சீசன் முடிந்ததும் நாலைந்து டீமுக்கு ஒரே நேரத்தில் புதுக் கோச் தேவைப்படும். நல்ல ஆளைக் கொத்திக்கொண்டு போவதில் போட்டி. முந்தினவருக்குத்தான் பந்தி!

ஜெயித்தால் மட்டும் வேலை நிலைக்குமா? 2006ல் ஸான் டியேகோ டீமுக்கு 16 மேட்ச்சில் 14 வெற்றி வாங்கிக் கொடுத்தார் மார்ட்டி ஷாட்டன்ஹைமர். நாக் அவுட்டில் மூணு பாயிண்ட்டில் தோற்றார்கள். அடுத்த மாசம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

லவ்வி ஸ்மித் கதை இன்னும் விசேஷம். 2023 ஜனவரி 8, கடைசி மேட்ச். அவருடைய ஹூஸ்டன் டீம் ஏற்கனவே பாதாளத்தில். தோற்றால் லாபம்! புதுப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்குகிற உரிமை கிடைக்கும். மனுஷர் தோற்க மாட்டேன் என்றார். கடைசி நிமிஷத்தில் தைரியமாக ஆடி 32-31 என்று ஜெயித்தார். அன்றைக்கு ராத்திரியே வேலை போச்சு. முதல் உரிமை யாருக்குப் போனது? சிகாகோவுக்கு! பத்து மேட்ச் ஜெயித்த சீசன் முடிவில், 2012ல் இதே ஸ்மித்தை வேலையை விட்டு அனுப்பிய அதே சிகாகோவுக்கு! அந்த உரிமையைக் கைமாற்றி, அதன் பலனாக 2024ல் அவர்கள் பிடித்த பையன்தான் கேலப் வில்லியம்ஸ். டெட்ராய்ட்டில் அந்தக் கடைசிப் பந்தை எறிந்தவர். கர்மபலன் எப்படியெல்லாம் ரூட் போட்டு வருகிறது பாருங்கள்!

*

"அதுக்காக, தோத்தவங்களை வெச்சுக்கிட்டே இருக்கணுமா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

நியாயமான கேள்வி. பதில்தான் ஒன்றாக இல்லை.

பிட்ஸ்பர்க் டீமில் 1969ல் சேர்ந்த சக் நோல், முதல் வருஷம் ஆடிய 14ல் 13 தோற்றார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். 1974 சீசனில் ஆரம்பித்து ஆறு சீசனுக்குள் நாலு 'ஸூப்பர் பௌல்' கோப்பை! 2023ல் ஃபிலடெல்ஃபியா டீம், முதல் 11ல் 10 ஜெயித்துவிட்டுக் கடைசி ஆறில் அஞ்சு தோற்றது. நாக் அவுட்டிலும் 32-9 என்று உதை. கோச் நிக் ஸிரியானி தலை தப்பாது என்றார்கள். தப்பியது. அடுத்த சீசனிலேயே, 2025 பிப்ரவரியில், 40-22 என்று ஜெயித்து அவர் கையில் கோப்பை!

சிகாகோ என்ன செய்தது? அன்றைக்குத் தங்களைத் தோற்கடித்த டெட்ராய்ட் டீமின் தாக்குதல் கோச் பென் ஜான்ஸனையே தலைமைக் கோச்சாகக் கொண்டுவந்தார்கள். 2025 சீசனில் 11 வெற்றி, டிவிஷனில் முதல் இடம். ஆக, பொறுத்தவனும் ஜெயித்தான், தூக்கினவனும் ஜெயித்தான். முன்கூட்டித் தெரிந்தவன் யாருமில்லை. ஆனால் தெரிந்த மாதிரி எல்லோரும் கத்துகிறோம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளை சமாதானம் சொன்னார்: "அவருக்கு ஒண்ணும் நஷ்டமில்லை மாமா. ஒப்பந்தம் முடியற வரைக்கும் சம்பளம் வரும்."

"அவருக்குக் கீழே இருபது உதவிக் கோச் இருப்பாங்களே, அவங்க?"

"புதுசா வர்றவர் தன்னோட ஆட்களைக் கூட்டிட்டு வருவார். பழைய ஆளுங்க வேற ஊர்ல வேலை தேடணும்."

தோசை வார்த்துக்கொண்டிருந்த என் மகள் திரும்பினாள். "அவங்க பசங்க ஸ்கூல் மாறணும். பத்தாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி இருப்பா" என்றாள்.

எனக்குத் தோசை தொண்டையில் நின்றது. ஒரு மார்ச் மாசம் என் கிளையில் டெபாசிட் இலக்கு எட்டவில்லை. பெரிய பார்ட்டி ஒருவர் கடைசி வாரம் பணத்தை எடுத்துவிட்டார். மேலிடத்திலிருந்து ஒரு போன். அடுத்த மாசம் முந்நூறு மைல் தள்ளி மாற்றல். நான் அலைந்து திரிந்து பிடித்துவைத்த கணக்குகள் மறு வருஷம் முதிர்ந்து, எனக்குப் பின்னால் வந்தவர் கேடயம் வாங்கினார். அதெல்லாம் எனக்கு எப்போதோ ஆறிப்போன சங்கதி. பத்தாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடம் மாறிய பெண்ணுக்கு ஆறவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை எழுந்து போய் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

*

எபர்ஃப்ளஸ் 2025ல் டல்லாஸ் போய்த் தற்காப்பு ஆட்டத்துக்கான கோச்சாகச் சேர்ந்தார். அவரைச் சேர்த்துக்கொண்ட தலைமைக் கோச் யார் தெரியுமோ? 14 ஜெயித்தும் வேலை போனாரே ஷாட்டன்ஹைமர், அவருடைய மகன் பிரையன்! அங்கேயும் எபர்ஃப்ளஸுக்கு ஒரே சீசன்தான்.

சிகாகோ நாக் அவுட்டுக்குத் தேறியதும் பேரன் போன் பண்ணினான். "தாத்தா, நாம ஜெயிச்சிட்டோம்! கோச்சை மாத்தணும்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னேடா ராஜா. அந்தப் பழைய கோச் பேரு என்ன?"

போனில் சத்தமே இல்லை.

"மறந்துட்டேன் தாத்தா..."