பழஞ்சுவரும் புதுவண்ணமும்

பொங்கல் நெருங்கும்போது வீட்டிற்கு வெள்ளையடித்தல் நம் வழக்கம். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீரூற்றி நீற்றி, வடிகட்டி, சிறிது நீலம் கலந்து பூசுவர். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதுவே. சுவரேறிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறுகிறது.

செட்டிநாட்டில் இப்பூச்சு கலையாகவே வளர்ந்தது. நன்கு அரைத்த சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவைச் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். நூறாண்டு கடந்தும் அச்சுவர்கள் பல பளிங்குபோல் மின்னுகின்றன. அவற்றுக்கு வண்ணம் எதற்கு? ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஆயினும், புதுப்பொலிவு தருவதாக எண்ணி அவற்றின்மீது பிளாஸ்டிக் எமல்ஷன் பூசுவோர் உளர். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். நாளடைவில் உப்புப் பூத்துக் காரை பெயரும். பெயர்ந்த இடத்தைப் பழையபடி பூசத் தெரிந்த கொத்தனார்களோ அருகிவிட்டனர்.

பழைய கதவு, அலமாரிகளில் வேறோர் இடர் உண்டு. முற்கால எனாமல் வண்ணங்கள் பலவற்றில் காரீயம் மிகுதி. வீட்டு வண்ணங்களில் அது பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மிகலாகாது என்னும் விதி, இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே, பழம்பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கலாகாது. பறக்கும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீர் தொட்டு, அதற்குரிய தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் பிரைமர் பூசி வண்ணம் தீட்டலாம். வேலை முடியும்வரை குழந்தைகள் அவ்விடத்தில் இருத்தல் கூடாது.