களிம்பில் இருக்கிறது காசு

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வயலில் கிடைத்த சின்னப் பச்சைக் காசில் சிலுவை தெரிகிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? ரோமானியக் காசா? லட்சத்துக்குப் போகுமா?"

கூடாது. இருக்கலாம். போகாது.

கூட்டல் குறி போட்டதெல்லாம் கிறிஸ்தவக் காசு ஆகிவிடாது. சாதவாகனர் காசுகளில் நான்கு முனையிலும் வட்டம் வைத்த உஜ்ஜயினிக் குறி உண்டு. போர்ச்சுகீசியர் காசிலும் சிலுவை உண்டு. பிற்கால ரோமானியப் பொடிக்காசில் முதலில் தேட வேண்டியது, கிரேக்கத்தின் 'கி', 'ரோ' எழுத்துகளைப் பின்னிய கிறிஸ்து முத்திரை. கி.பி. 388க்குப் பின் தியோடோசியஸும் அவர் மகன்கள் அர்க்காடியஸ், ஹொனோரியஸும் அடித்த ஒரு வகையைப் பாருங்கள். ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் அகலம், 1 கிராம் எடை. சிறகு முளைத்த வெற்றித் தெய்வம் கைதியை இழுத்துப்போகிறாள். அவளுக்கு முன்னால் அந்த முத்திரை. பழைய தெய்வமும் புதிய மதமும் ஒரே காசில்!

இவற்றில் பலவற்றுக்கு அச்சு பெரிது, தகடு சிறிது. கல்யாணப் பத்திரிகையைத் தபால்தலை அளவு தாளில் அடித்த கதைதான். மாப்பிள்ளை பெயரில் கடைசி இரண்டெழுத்துதான் மிச்சம் (அரசர் பெயர்). கீழே இருந்த மண்டபம் போச்சு (காசு அடித்த ஊர்). தாய்மாமன்களின் பட்டியல் மொத்தமும் காணோம். அவர்கள் கோபத்தை எந்த நாணயவியலாளராலும் தணிக்க முடியாது. ஆனால் நடுவில் யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்பது தெரிகிறதே, வகையைச் சொல்ல அது போதும்.

இனி புளிக்கு வருவோம். மண்ணின் ஈரமும் உப்பும் செம்பை அயனிகளாக மெல்ல வெளியே இழுக்கின்றன. அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்த குப்ரைட் ஆகிறது. அதற்கும் மேலே கார்பனேட்டோடு சேர்ந்து பச்சை மாலகைட். இது நிதானமாக நடந்திருந்தால், காசின் பழைய மேற்பரப்பு எங்கே இருந்ததோ அந்த எல்லை இந்தக் களிம்புக்குள் அப்படியே நின்றுவிடும். உலோகம் உள்ளே தேய்ந்து சுருங்கியிருக்கும். சிறகின் மடிப்பும் எழுத்தின் விளிம்பும் இருப்பது களிம்பில்தான்! புளியின் டார்டாரிக் அமிலம் கரைப்பது அதைத்தான். தேய்த்து முடித்தால் கையில் மிஞ்சுவது பளபளக்கும் மொட்டைச் செம்பு. தேய்ப்பதற்குப் பதில், இருட்டறையில் செல்போன் டார்ச்சைக் காசின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிவாருங்கள். நிழல் விழுந்து உருவம் எழும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. அருங்காட்சியக வேதியியலாளரின் வேலை.

வரலாறு இல்லாமல் விடமாட்டீர்கள்: ரோமானியக் காசு இங்கே எப்படி வந்தது? மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குக்கும் கரூருக்கும் பாதை. இடுக்கி மலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினால் மதுரை. கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் கிடைத்த இத்தகைய செப்புக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் நூலாக்கினார். இலங்கையில் இவை ஏராளம். பார்த்து அடித்த உள்ளூர் நகல்களும் உண்டு.

இதை வைத்து 'பண்டைக் கிறிஸ்தவக் குடியேற்றம்' என்று தலைப்புப் போட ஆள் வரும். முத்திரையைப் போட்டது ரோம அரசு. அதை மடியில் முடிந்துகொண்டு மலையேறியவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று காசு சொல்லாது.

லட்சமும் கிடைக்காது, ஏராளமாக அடித்த சில்லறை இது, சந்தையில் மலிவு. ஆய்வாளருக்கு வேண்டியது வேறு: எந்த வயல், எவ்வளவு ஆழம், கூடவே என்ன ஓடு கிடந்தது. அதை எழுதி வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தெரிவியுங்கள்; புதையல் சட்டமும் அங்கே தெரிவிக்கத்தான் சொல்கிறது.