சாரம் கட்டுவோருக்குக் காப்புறுதி

2009இல் யுத்தம் முடிவுற்று மக்கள் மீள்குடியேறிய பின்னர் அக்கராயன் உள்ளிட்ட வன்னிப் பகுதிகளில் கட்டட வேலைகள் பெருகின. 2012இல் விரிவுபடுத்தப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பயனாளிகளே மேசன்மாரை அமர்த்தி வீடு கட்டினர். இத்தகைய வேலைகளில் நாலு பேரைச் சேர்த்துச் சாரம் கட்டுபவர் தம்மை முதலாளியாக எண்ணுவதில்லை. சட்டமோ அவ்வாறே எண்ணுகிறது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது நேரும் விபத்தினால் ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் வேலைகொள்வோரே நட்டஈடு செலுத்த வேண்டும். அவரது கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. காப்புறுதி பெறாததால் இப்பொறுப்பு நீங்கிவிடாது. வீட்டு நகையை அடகு வைத்தேனும் கொடுக்க நேரும்.

வேலையாட்களுக்கான காப்புறுதி சாரத்தில் ஏறுபவருக்கு மட்டுமே உரியது. கீழே வீதியால் செல்பவர் மீது குழாய் விழுந்தால் மூன்றாந்தரப்புப் பொறுப்புக் காப்புறுதி தேவை. கட்டுப்பணம் பெரும்பாலும் கூலித் தொகையைக் கொண்டே கணிக்கப்படுவதால், எட்டுப் பேரை ஏற்றிவிட்டு மூவரைக் கணக்கில் காட்டத் தோன்றும். இது சிக்கனமன்று. பதிவில் இல்லாதவர் விழும் நாளில் கோரிக்கை குறைக்கப்படலாம், மறுக்கப்படவும் கூடும்.

வட்டியின் காரணமாகக் காப்புறுதியைத் தவிர்க்கும் முஸ்லிம் ஒப்பந்தகாரர்களுக்கு, பங்களிப்புகளிலிருந்து இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் தகாபுல் முறை இலங்கையில் உண்டு.

எதுவாயினும், தடிச் சாரமா குழாய்ச் சாரமா, எத்தனை மாடி உயரம் என்பவற்றை விண்ணப்பத்தில் உள்ளவாறே எழுத வேண்டும். முகவர் நிரப்பித் தந்தாலும், வாசித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுமாறு ஒப்பந்தகாரர்களை நாம் கேட்டுக்கொள்கின்றோம்.