மீன்கொத்தியைப் பிடிக்க எந்தக் கேமரா?

2015-இல் வெண்நுரை பொங்கிச் சாலைவரை பறந்தபோது பெங்களூரின் வர்த்தூர் ஏரியை நாடே பார்த்தது. அந்த நுரையைப் படமெடுக்கக் கைபேசியே போதும். வைட்ஃபீல்டைச் சுற்றியுள்ள ஏரிகளுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அது போதாது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். மறுகணம் தலைகீழாகப் பாயும். டிஎஸ்எல்ஆர் வாங்குவதா, மிரர்லெஸ் வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாய்ச்சலை வைத்தே பதில் சொல்லலாம்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி எழும்; அந்தக் கணம் வியூஃபைண்டர் இருண்டுவிடும். ஃபோகஸுக்குத் தனிச் சென்சார் உண்டு. பறவையை அதன் புள்ளிகளுக்குள் வைத்திருப்பது நம் கையின் வேலை. மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. 2020-இல் வந்த கேனான் ஆர்5, பறவையின் கண்ணைத் தானே தேடிப்பிடித்துத் தொடர்கிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமே இல்லை. கரையோர மடையான் மிரளாது. சென்சார் மெதுவாகப் படிக்கும் மாடல்களில் மட்டும், வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து பதிவாகும்.

பாய்ச்சலைப் பிடிப்பதில் மிரர்லெஸ்தான் மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேட்டரியில் நிலைமை தலைகீழ்: ஒரு சார்ஜில் நிக்கானின் டிஎஸ்எல்ஆரான டி850 எடுப்பது 1,840 படங்கள், அதன் மிரர்லெஸ்ஸான இசட்7 எடுப்பது 330 என்கிறது ஜப்பானியத் தர அளவீடு. நடைமுறையில் இரண்டும் இதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். ஆனாலும் மிரர்லெஸ்காரர் பையில் இன்னொரு பேட்டரி இருந்தாக வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் மிரர்லெஸ்ஸே வாங்க வேண்டுமா? பணம் அளவாக இருந்தால் வேண்டாம். பறவைப் படத்தில் பாடியைவிட லென்ஸுக்கே செலவழிக்க வேண்டும். டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களைப் பொருத்தும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்தும், கேனானின் இஎஃப் 1987-இலிருந்தும் இருக்கின்றன. செகண்ட்ஹேண்டில் அவற்றின் லென்ஸ்கள் தாராளமாகக் கிடைக்கும். நொடிக்கு 10 படம் எடுக்கும், 153 ஃபோகஸ் புள்ளிகள் கொண்ட நிக்கான் டி500-உடன் 200-500 லென்ஸைச் சேர்த்தால் ஏரிக்கரைக்கு அருமையான ஜோடி. டி500 தயாரிப்பு 2022-இல் நின்றுவிட்டது. கேனானும் நிக்கானும் புதிய உழைப்பையெல்லாம் மிரர்லெஸ்ஸில்தான் போடுகின்றன. அதனால் டிஎஸ்எல்ஆரைப் புதிதாக வாங்காதீர்கள். பழையதாக, மலிவாக வாங்குங்கள்.

வாங்குமுன் ஷட்டர் கவுண்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை, கேளுங்கள். டி500-இன் ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.