படத்துல தெரியாததை எழுதுங்க

மங்கலம்பேட்டைப் பிள்ளைகளுக்கு ஆண்டு மலர் படக்குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தேன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறைக்குப் போனபோது எடுத்த படம். "அகல் விளக்குடன் மாணவிகள்" என்று எழுதியிருந்தார்கள்.

"அதான் படத்துலயே தெரியுதே! தெரியாததை எழுதுங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்து ஒருத்தி எழுதினாள்: "கையில் இருப்பது இன்னும் சுடாத விளக்கு. சூளைக்குப் போய் வந்தால் இதைவிடச் சிறுத்துவிடும்." களிமண் காயும்போதும் சுருங்கும், சுடும்போதும் சுருங்கும். கேமராவுக்கு அது தெரியாது.

அடுத்து பெயர்கள். இடமிருந்து வலம், ஒருத்தர் விடாமல். நான் படித்த பள்ளி மலரில் ஒரு குறிப்பு "மற்றும் பலர்" என்று முடியும். ஓரத்தில் நிற்பவன் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். முகம் நல்லா ஞாபகம் இருக்கு, பெயர்தான் வரமாட்டேங்குது.