உப்புக் காற்றில் ஒரு தச்சுப் பட்டறை

எக்கியார்குப்பத்தில் புது உளி ஒன்றை வாங்கித் திண்ணையோரம் வைத்துவிட்டால், மழை ஒரு சொட்டுப் படாமலேயே சில நாளில் அதன் மேல் செம்பழுப்புத் திட்டு ஏறிவிடும். கிழக்கே வங்கக்கடல், பக்கத்தில் மரக்காணத்து உப்பளங்கள். விழுப்புரம் மாவட்டத்தின் இந்த மீனவர் ஊரில் வீசும் காற்றிலேயே உப்பும் ஈரமும் கலந்திருக்கின்றன. வீட்டின் ஒரு மூலையில் நாலு கருவிகளை வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் முக்காலியும் அலமாரியும் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர், இங்கே முதலில் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். உளி பிடிக்கப் பழகுவது அதற்குப் பிறகு.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். கரையில் அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து நுண்ணிய நீர்த்திவலைகளை மேலே எறிகின்றன. கடற்காற்று அவற்றை ஊருக்குள் கொண்டுவருகிறது. வழியில் நீர் ஆவியாகி, உப்புத்துகள் கருவியின் மேல் படிகிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் பொல்லாதது. ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே அது நீரை இழுத்துவிடும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சுகிற கசப்பு நீரில் இந்த மெக்னீசியம்தான் நிறைந்திருக்கிறது. அது தங்கிவிட்ட உப்பு மூட்டையிலேயே கசிந்து ஒழுகும். அதே கசிவுதான் உளியின் முகத்திலும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் படலமாக. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருவின் வேதிவினை தடையில்லாமல் ஓடுகிறது.

ஆகவே இங்கே எண்ணெய் மட்டும் போதாது. படிந்த உப்பின் மேல் எண்ணெய் பூசினால் அடியில் துரு தொடர்ந்துகொண்டே இருக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உப்பைக் கரைத்தெடுக்க வேண்டும். உடனே காய்ந்த துணியால் ஒற்றி, சற்று வெயில் காட்டி, பிறகுதான் தையல் மெஷின் எண்ணெயை மெல்லத் தடவ வேண்டும். இரும்புக்குத் தண்ணீர் காட்டுவதா என்று கை தயங்கும். கடற்கரையில் அதுதான் மருந்து.

இந்தக் கரையின் பழைய மரவேலை இரும்பை எப்படி நடத்தியது என்று பார்த்தால், பட்டறை வைக்க நினைக்கிறவருக்கு நிறைய யோசனை கிடைக்கும். அது பெரும்பாலும் இரும்பைத் தள்ளியே வைத்தது. பாத்தியில் விளைந்த உப்பை வரப்புக்கு இழுத்துச் சேர்க்க, நீண்ட கழியில் பொருத்திய மரப்பலகையே பழைய வழக்கம். இரும்புத் தகடாக இருந்தால் தானும் அரித்துப்போகும், வெள்ளை உப்பிலும் கறை ஏற்றும்.

கட்டுமரம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வெளிவந்த தம் ஆய்வில் இந்தியப் படகு வகைகளோடு சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களையும் விவரித்திருக்கிறார். இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கி உருவேற்றி, பக்கம் பக்கமாக அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்குவதுதான் அடிப்படை. ஒரு ஆணி கிடையாது. அலை மேலே ஏறினால் துண்டுகளின் இடைவெளி வழியே வழிந்துவிடும். நீர் நிரம்பி மூழ்க அதற்கு வயிறே இல்லை. இதில் என்னை மிகவும் கவர்வது கரை திரும்பியபின் நடக்கிற காரியம். கயிற்றை அவிழ்த்து, துண்டுகளைத் தனித்தனியாக மணலில் போட்டு உலர்த்துவார்கள். மரம் நீரைக் குடித்துக் கனத்தால் மிதக்கும் திறன் குறைந்துவிடும். உலர்ந்த மரம்தான் நாளைய தொழிலுக்கு உதவும். அவிழ்க்க முடிகிற இணைப்பாக இருந்ததால்தான் உலர்த்தவும் முடிந்தது. இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மாற்றம் இன்னும் வேகமெடுத்தது. பைபர் துருப்பிடிக்காது, நீர் குடிக்காது. மீனவருக்கு அது பெரிய உதவி. ஆனால் மரத்தையும் ஈரத்தையும் பற்றிக் கட்டுமரம் சேர்த்து வைத்திருந்த அறிவை மரவேலைக்காரர்கள் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னையில் துறைமுகம் வருமுன் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலா படகுகளும் ஆணி இல்லாதவையே. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். கரையில் மோதும்போது தையல் நெகிழ்ந்துகொடுக்கும். ஆணி அடித்த படகு அதே இடத்தில் பிளந்துபோகும். அதே தையல் முறையில், அஜந்தா ஓவியத்துக் கப்பலை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள்.

ஈர மரத்துக்குள் இரும்பு ஆணி இருந்தால் கேடு இரண்டு பக்கமும் நடக்கிறது. துருவாக மாறும்போது இரும்பு பருத்து மரத்தை உள்ளிருந்தே பிளக்கிறது. துருவோடு உண்டாகும் வேதிப்பொருள்கள் ஆணியைச் சுற்றியுள்ள மரநாரைச் சிதைத்துப் பொடியாக்குகின்றன. துவர்ப்புச் சத்து நிறைந்த கருவேல மரமாக இருந்தால் நீலக்கறுப்புக் கறையும் படரும். பழைய கதவில் ஆணியைச் சுற்றிக் கறுத்து இற்றுப்போன வட்டங்களைக் கடற்கரை வீடுகளில் பார்க்கலாம். தவிர்க்கவே முடியாத இடத்தில் 316 ரக எவர்சில்வர் திருகாணி வாங்குங்கள். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் சாதாரண 304 ரகத்தைவிட உப்பைத் தாங்கும். விலை கூடுதல்தான், இரண்டு முறை செய்கிற உழைப்பைவிடக் குறைவு.

ஆணி வேண்டாம் என்றால் கழுந்தும் துளையும் இருக்கின்றன. ஒரு கட்டையின் முனையைச் சீவிக் கழுந்தாக்கி, மற்றதில் அளவாகத் துளை வெட்டிப் பொருத்தி, மர ஆப்பு அறைந்து இறுக்குவது. ஊர் ஆசாரிகள் நிலைக்கும் கதவுக்கும் காலங்காலமாகச் செய்தது இதைத்தான். இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் வராது. மரம் அறுத்து எத்தனை ஆண்டு ஆனாலும் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் சுமார் 12 சதவீதம் நீர் நிற்கும். 80 சதவீதமானால் சுமார் 16. விரிவு எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளவாக்கில் இல்லையென்றே சொல்லலாம். பச்சை மரம் முழுவதும் உலரும்போது, தேக்கு நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும், வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும் சுருங்குகிறது. வளையத்தை ஒட்டி அறுத்த 30 செ.மீ. அகலத் தேக்குப் பலகை 12க்கும் 16க்கும் இடையே போய்வந்தால் 2 மி.மீ.க்கு மேல் அகலம் மாறும். ஐப்பசி அடைமழையில் திறக்க மறுக்கும் அலமாரிக் கதவுக்கு அந்த 2 மி.மீ. போதும். எண்ணெயோ வார்னிஷோ பூசினால் இந்த மாற்றம் தாமதமாகும், நிற்காது. ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளைந்துகொள்ளும். பூச்சு என்றால் இரு பக்கமும்.

கருவிகள் குறைவாக இருக்கட்டும், கூராக இருக்கட்டும். 6, 12, 25 மி.மீ. அகலத்தில் மூன்று உளி, கொட்டாப்புளி, நல்ல கைரம்பம் ஒன்று, மூலைமட்டம், அரம், இரண்டு மூன்று கிளாம்ப், கைத்துரப்பணம் அல்லது சிறிய டிரில்லிங் மெஷின். இழைப்புளி வாங்கும்போது மட்டும் பிடிவாதமாக இருங்கள். கடைகளில் பளபளக்கும் முழு இரும்பு இழைப்புளியை இந்த ஊர்க் காற்றில் காப்பாற்றுவது தினசரி வேலை. ஆசாரிகள் வைத்திருக்கும் மர உடல் இழைப்புளியில் தகடு ஒன்றுதான் இரும்பு. கழற்றித் துடைத்து எண்ணெய் தடவி, துணியில் சுற்றி மூடியுள்ள பெட்டியில் வைத்துவிடலாம். அடிப்பாகம் தேய்ந்தால் இழைத்துச் சமன்செய்துகொள்ளலாம். சாணைக்கல்லில் தீட்டும்போது விளிம்பு 25 முதல் 30 பாகைக்குள் நிற்க வேண்டும். கை முடியை மழிக்கும் கூர்மை வரும்வரை மரத்தைத் தொடாதீர்கள். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையில் ஏறுகிறது. மரத்தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. ரம்பமும் உப்புத்தாளும் எடுக்கும்போது முகக்கவசம் இருக்கட்டும்.

மரத்துக்குத் தூரம் போக வேண்டியதில்லை. வேம்பும் பூவரசும் புன்னையும் இந்தக் கரையின் மரங்கள். பூவரசு நெருக்கமான நாருள்ளது, இழைத்தால் வழவழப்பாக வரும். வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் அதைத் தேடிப் பயன்படுத்தினார்கள். சவுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கும், ஆனால் உலரும்போது மோசமாக வெடிக்கும். கழிக்கும் காலுக்கும் ஆகும், பலகைக்கு ஆகாது. நான் பரிந்துபேச விரும்புவது எல்லாரும் வெறுக்கிற சீமைக் கருவேலத்துக்காக. அது நிலத்தை ஆக்கிரமிப்பது உண்மை, வெட்டியெடுக்க வேண்டியதும் உண்மை. வெட்டியதை எல்லாம் அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் அனுப்புவதுதான் வருத்தம். டெக்சஸில் அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தில் விலையுயர்ந்த நாற்காலி மேசைகள் செய்கிறார்கள். மெஸ்கீட் வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 3.2 சதவீதமே சுருங்கும். தேக்கில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். நம் சீமைக் கருவேலமும் அப்படியே குறைவாகச் சுருங்குவது, கனமானது, கெட்டியானது. கோணலாக வளர்வதால் நீளப்பலகை கிடைக்காது. உளிப்பிடி, கொட்டாப்புளித் தலை, இழைப்புளி உடல், சிறு பெட்டி ஆகியவற்றுக்கு அதைவிட மலிவாக நல்ல மரம் கிடைப்பது அரிது. பழுப்பேறிய வைரத்தை மட்டும் எடுத்து, வெளிறிய வெளிமரத்தைக் கழித்துவிடுங்கள். அறுத்த துண்டுகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து நிழலில் அடுக்கி, வெட்டுமுனைகளில் மெழுகோ பெயிண்டோ பூசிவிட்டால் முனை வெடிப்பது பெரிதும் குறையும்.

முதல் வேலையாக நாற்காலியை எடுக்காமல் ஒரு மணை செய்து பார்க்கச் சொல்வேன். உட்கார ஒரு பலகை, அடியில் குறுக்கே இரண்டு கட்டைகள், அவ்வளவுதான். ஆனால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது. பலகை அகலவாக்கில் விரியும். குறுக்குக் கட்டையோ தன் நீளவாக்கில் அசையாது. இரண்டையும் ஆணியடித்து இறுக்கிவிட்டால் கோடையில் பலகை சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். வரைபடம் போடும்போதே இதற்கு இடம் விடுங்கள். ஒட்டுப்பலகைத் துண்டில் மணையை முழு அளவில், பக்கத்தோற்றமும் அடித்தோற்றமுமாக வரையுங்கள். அளவுகளை டேப்பில் திரும்பத் திரும்பப் படிக்காமல் ஒரு நேர்குச்சியில் கோடுகளாகக் குறித்துக்கொண்டால், குச்சியை வைத்தே எல்லாத் துண்டுக்கும் மாற்றிக் குறிக்கலாம், எண் தவறாது.

அளவு 45க்கு 30 செ.மீ., கனம் 25 மி.மீ. அடிப்பக்கத்தில் இரு முனையிலிருந்தும் 8 செ.மீ. தள்ளிக் குறுக்கே இரண்டு காடி, 10 மி.மீ. ஆழம். காடியின் வாய் குறுகியும் அடி அகன்றும் இருக்கட்டும். குறுக்குக் கட்டையின் மேல்விளிம்பையும் அதே சரிவில் சீவி, பக்கவாட்டிலிருந்து நுழைத்துத் தள்ளுங்கள். கீழே கழன்று விழாது, பலகையும் வளையாது. பசை போட வேண்டாம். கட்டையின் சரியான நடுவில் மட்டும் ஒரு துளையிட்டு ஒரே ஒரு மர முளையை அடியுங்கள். நடு நிலைத்திருக்க, இரு ஓரங்களும் காடிக்குள் நகர்ந்துகொள்ளும். கட்டையின் நீளத்தைப் பலகையின் அகலத்தைவிட இருபுறமும் 5 மி.மீ. குறைத்து வெட்டினால், சித்திரை வைகாசியில் பலகை சுருங்கினாலும் முனை வெளியே துருத்தாது. காடியின் இறுக்கத்தைக் காய்ந்த மாதத்தில் சரிபார்ப்பதாக இருந்தால் ஒரு மரச்சீவல் அளவு தளர்வு வையுங்கள். கார்த்திகை ஈரத்தில் கட்டையின் கனம் சற்றுப் பருத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.