ஐந்து மாதத் தூக்கம்

குளிர்காலம் என்றால் நமக்கு மார்கழிப் பனியும் கழுத்தைச் சுற்றிய மப்ளரும்தான் ஞாபகத்துக்கு வரும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மப்ளர் கொடிக்குப் போய்விடும். ஆனால், அமெரிக்காவின் வடபகுதியில் மிச்சிகன் என்றொரு மாநிலம் இருக்கிறதே, அங்கே குளிர் அவ்வளவு மரியாதையாக விடைபெற்றுக்கொள்வதில்லை. நவம்பரில் வந்து உட்கார்ந்தால், மார்ச் முடிந்த பிறகுதான் புறப்படுவதைப் பற்றியே யோசிக்கும்.

அந்த ஊர்களில் அக்டோபர் மாதக் கடைசியில் பல வீடுகளில் ஒரு விசேஷமான வேலை நடக்கும். குழந்தையைக் குளிப்பாட்டி, வயிறு நிறைய ஊட்டி, போர்த்திப் படுக்க வைப்பதைப் போல, வீட்டிலுள்ள ஆசைக் காரைத் தூங்க வைப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள் தூக்கமல்ல. ஐந்து மாதத் தூக்கம்!

"ஓட்டாமல் வைப்பதற்கா கார் வாங்கினார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆபீசுக்கும் கடைக்கும் போவதற்கு அவர்களிடம் வேறு கார் இருக்கிறது. அது பனியிலும் சேற்றிலும் உழைக்கும். தூங்கப் போவது இன்னொன்று. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி போர்டு கம்பெனி 'மஸ்டாங்' என்ற காரை வெளியிட்டது. இரண்டு வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம் மஸ்டாங் கார்கள் தயாராகிவிட்டன. அவற்றில் துருவுக்குத் தப்பியவை இன்று பொக்கிஷங்கள். தகப்பனார் வாங்கிய கார், பிள்ளை ஓட்டப் பழகிய கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. அந்தக் காலத்துத் தகடு மறுபடி கிடைக்காது, போனால் போனதுதான். அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை.

காலுக்குக் கீழே எமன்

காருக்குப் பகை குளிர் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. காருக்கு உண்மையான எமன் உப்பு! நம் வீட்டு ரசத்தில் போடுகிறோமே, அதே உப்பு.

டிட்ராய்ட் நகரம் மிச்சிகனில்தான் இருக்கிறது. மோட்டார் கார் தொழிலுக்குத் தலைநகரம் என்று பேர் வாங்கிய ஊர். அந்த நகரத்துக்கு அடியில், சுமார் 1,200 அடி ஆழத்தில், ஒரு பிரம்மாண்டமான உப்புச் சுரங்கம் இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் வற்றிப்போன கடல் விட்டுச் சென்ற உப்பு அது. சுரங்கத்துக்குக் குழி இறக்கும் வேலை 1910-ல் முடிந்தது. அங்கே வெட்டி எடுக்கிற உப்பு சமையலறைக்குப் போவதில்லை, தெருவுக்குப் போகிறது. மேலே காரைச் செய்கிறார்கள். கீழே அந்தக் காரைத் தின்னும் பண்டத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். விதியின் விளையாட்டு என்பது இதுதானோ?

தெருவுக்கு எதற்கு உப்பு? மர வாளியில் ஐஸ் கட்டியும் உப்பும் போட்டு, நடுவே பாத்திரத்தை வைத்துச் சுற்றி, ஐஸ்கிரீம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு சேர்ந்தால் ஐஸ் சீக்கிரம் கரையும். உப்புத் தண்ணீர் லேசில் உறையாது. சாலையில் உறைந்த பனி கண்ணாடி மாதிரி வழுக்கும். அதன்மேல் உப்பைத் தூவினால் கரைந்து ஓடிவிடும். 1938-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சோதனையாக ஆரம்பித்த இந்தப் பழக்கம், இன்று அமெரிக்கா முழுவதும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன் என்ற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால், நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் கனடாவின் டொராண்டோ நகரத்திலும் இதே கதைதான்.

உப்பைத் திட்டிப் பயனில்லை. அது மனித உயிரைக் காப்பாற்றுகிறது. மனிதன் பிழைப்பதற்காகத் தகடு கொஞ்சம் தேய்ந்தால் தேயட்டும் என்பதுதான் நியாயம். ஆகவே, ஒதுங்கிக்கொள்ள வேண்டியது கார்தான்.

குளித்துவிட்டுத்தான் படுக்கை

முதல் வேலை குளியல். அதுவும் முகத்தைக் கழுவிப் பவுடர் போடுகிற குளியலல்ல. மட்கார்டின் உள்பக்கம், கதவின் அடிவிளிம்பு, சக்கரத்தின் பின்புறம் என்று ஒளிந்துகொள்ள இடமுள்ள எல்லா மூலைகளிலும் தண்ணீரைப் பீச்சி அடித்துக் கழுவ வேண்டும். பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். உப்புக்கு ஒரு துர்க்குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிகிறதல்லவா, அதே சங்கதி. தகட்டு மடிப்பில் ஒரு சிட்டிகை தங்கிவிட்டால் போதும். அந்த இடம் காயவே காயாது. துரு அங்கே குடித்தனம் ஆரம்பித்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. உப்பு ஒட்டிய காரைக் கதகதப்பான ஷெட்டில் நிறுத்தினால் நல்லது என்று தோன்றும் அல்லவா? உண்மை நேர்மாறு. கடும் குளிரில் துரு மெதுவாகத்தான் வேலை செய்யும். கதகதப்பு கிடைத்தால் சுறுசுறுப்பாகிவிடும். அழுக்கோடு வெப்பத்தில் தூங்குவதைவிட, சுத்தமாகக் குளிரில் தூங்குவது மேல்.

எண்ணெய், தண்ணீர், பெட்ரோல்

அடுத்தது எஞ்சின் ஆயில். ஓடி உழைத்த ஆயிலில் புகையின் கசடும் அமிலமும் கலந்திருக்கும். அதை அப்படியே விட்டால் ஐந்து மாதமும் உள்ளே இருக்கிற உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், படுக்கும் முன்பே புது ஆயில் ஊற்றிவிடுகிறார்கள்.

பிறகு ரேடியேட்டர். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். இரும்பு வார்ப்பானாலும் அந்த அழுத்தத்துக்கு முன் நிற்காது, எஞ்சினே பிளந்துவிடும். ஆதி நாளில் காரை நிறுத்தியதும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். இப்போது எதிலீன் கிளைகால் என்ற திரவத்தைப் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி சென்டிகிரேட் வரைக்கும் உறையாது. ஆனால் அது இனிப்பான விஷம். கீழே சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் உயிர் தப்புவது கஷ்டம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலம் முழுவதும் தூங்கப்போகும் கரடி, முன்னதாக வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் குகைக்குள் நுழையும். காருக்கும் அதே உபசாரம்! டாங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றிவிட வேண்டும். காலி டாங்க்கில் காற்று இருக்கும், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து உள்சுவரில் நீர்த்துளியாகப் படியும், துரு பிடிக்கும். இப்போதைய பெட்ரோலில் ஆல்கஹால் வேறு கலந்திருப்பதால் அது ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சுகிறது. பெட்ரோல் நாள்பட நாள்பட கோந்து மாதிரி பிசுபிசுத்து, கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு மருந்துத் திரவம் விற்கிறார்கள். அதை டாங்க்கில் ஊற்றி, அது எஞ்சின் வரை போய்ச் சேரும்படி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துவது வழக்கம்.

பாட்டரியும் டயரும்

முழுச் சக்தியோடு இருக்கும் பாட்டரி பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி குளிரையும் தாங்கும். சக்தி இழந்த பாட்டரியோ, பத்து டிகிரிக் குளிரிலேயே உறைந்து வெடித்துவிடக்கூடும். அதனால் பாட்டரியைக் கழற்றி வைத்து, சிறு துளியாக மின்சாரம் ஊட்டும் கருவியோடு இணைத்துவிடுகிறார்கள். பசியெடுத்தால் ஊட்டும், வயிறு நிறைந்தால் தானே நிறுத்திக்கொள்ளும். தாயாரைப் போன்ற கருவி!

ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால், தரையில் படும் பக்கம் டயர் தட்டையாகிவிடும். டயரின் உச்ச அளவைத் தாண்டாமல் சற்றுக் கூடுதலாகக் காற்று அடிப்பார்கள். அல்லது ஜாக்கி கொடுத்துத் தூக்கி, உறுதியான முட்டுத் தாங்கிகளின் மேல் காரை நிறுத்துவார்கள். ஹாண்ட்-பிரேக்கை மட்டும் போட்டு வைக்கக் கூடாது. ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டால் வசந்தத்தில் சக்கரம் சுழல மறுக்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும்.

சுண்டெலிக்குச் சொர்க்கம்

வெளியே பனி கொட்டும்போது, மெத்தை தைத்த ஆசனங்களும் இருட்டான குழாய்களும் நிறைந்த மாளிகை ஒன்று சும்மா கிடந்தால் எலி விடுமா? சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தால் அதற்கு ராஜபாட்டை. காற்றுவடிகட்டியில் கூடு கட்டும். ஆசனப் பஞ்சைப் பிய்க்கும். மின்சாரக் கம்பியைக் கடித்து வைக்கும். இதற்காகப் புகைக்குழாயின் வாயிலும் காற்று நுழையும் வாயிலும் இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்துவிடுகிறார்கள். ஷெட்டில் பொறியும் வைக்கிறார்கள்.

கடைசியில் போர்வை. மழைக்கோட்டுத் துணியோ பிளாஸ்டிக்கோ உதவாது. உள்ளே ஈரம் வியர்த்து நின்றுவிடும். காற்றோட்டமுள்ள மெல்லிய துணிதான் சரி.

பொல்லாத அன்பு

இவ்வளவையும் செய்துவிட்டு, சிலருக்கு மனசு கேட்பதில்லை. வாரத்துக்கு ஒரு தரம் ஷெட்டுக்குப் போய், எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அதன் குரலைக் கேட்டு ஆனந்தப்பட்டுவிட்டு வருவார்கள். காருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சின் அதை வெளியே தள்ளிவிடும். ஐந்து நிமிஷ ஓட்டத்தில் அது குழாய்க்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீராகவே தங்கிவிடும். தூங்குகிற குழந்தையைக் கொஞ்சுவதற்காக எழுப்புவது மாதிரிதான். குழந்தைக்கும் லாபமில்லை, நமக்கும் இல்லை.

காருக்கு மட்டுமா கெடுதல்? ஷெட்டுக்குள் ஓடும் எஞ்சின் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தியிருக்கும் ஷெட்டில் அது சில நிமிஷங்களில் ஆளையே முடித்துவிடும். கதவைத் திறந்து வைத்தாலும் தப்பிவிடலாம் என்று சொல்ல முடியாது. ஷெட்டை ஒட்டிய வீட்டுக்குள் புகுந்து, தூங்குகிறவர்களை அப்படியே எழுந்திராதபடி செய்துவிடும். காரின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், ஷெட்டுக்குள் எஞ்சின் ஓடக் கூடாது. எஞ்சின் ஓட வேண்டுமானால் கார் வெளியே வர வேண்டும்.

படுக்க இடம் எங்கே?

சொந்த ஷெட் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மிச்சிகனில் பல ஊர்களில் பொருட்காட்சி மைதானங்கள் உண்டு. கோடையில் மாடுகளும் பன்றிகளும் பரிசுக்கு நிற்கிற அதே கொட்டகைகளைக் குளிர்காலத்தில் கார்களுக்கும் படகுகளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். உள்ளே விட்டால் வசந்தத்தில்தான் எடுக்க முடியும். நடுவில் ஆசை வந்தாலும் கதவு திறக்காது. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான்.

ஜெர்மனியில் சர்க்காரே இந்தத் தூக்கத்துக்கு உடன்பட்டிருக்கிறது. 1997-லிருந்து அங்கே பருவகால நம்பர் பலகை என்று ஒன்று தருகிறார்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை கார் ஓடும் என்பது பலகையின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். 04, 10 என்று இருந்தால் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. வரியும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் அந்த மாதங்களுக்கு மட்டுந்தான். மற்ற மாதங்களில் பொதுத் தெருவில் நிறுத்தி வைத்தாலும் குற்றம்.

துயில் எழுப்புதல்

மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் வெயில் பளிச்சென்று அடிக்கும். உடனே காரை எடுத்துவிடுவார்களா? அனுபவசாலிகள் எடுக்கமாட்டார்கள். சாலை காய்ந்திருந்தாலும் உப்புப் பொடி ஓரங்களில் கிடக்கும். இரண்டு மூன்று பெரிய மழை பெய்து கழுவிவிடட்டும் என்று காத்திருப்பார்கள்.

பிறகு போர்வையை விலக்கி, குழாயில் திணித்த கம்பிச் சுருளை எடுத்து, எலி வந்த அடையாளம் பார்த்து, பாட்டரியை மாட்டி, டயரில் காற்றைச் சரிபார்த்து, பிரேக்கை ஒரு தரத்துக்கு நாலு தரம் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். கம்பிச் சுருளை மறந்துவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். அதற்காகவே, எங்கெங்கே எதைத் திணித்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி, அக்டோபரிலேயே ஸ்டியரிங்கில் கட்டிவிடுகிறார்கள். ஐந்து மாதம் கழித்து வரப்போகும் தனக்கே தான் எழுதி வைக்கும் கடிதம்!

இப்படிக் காப்பாற்றப்பட்ட கார்களைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்டு மாதத்தில் டிட்ராய்டின் உட்வர்ட் அவென்யூவுக்குப் போக வேண்டும். 1995-லிருந்து அங்கே பழைய கார்களின் பவனி நடந்துவருகிறது. ஐம்பது அறுபது வயதுக் கார்கள் ஆயிரக்கணக்கில், நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி மினுக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரே பார்க்கும். தாத்தா ஓட்டுவார், பக்கத்தில் பேரன் உட்கார்ந்திருப்பான்.

ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள். ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருடைய கார்தான் பேரனுக்குக் கிடைக்கிறது.